ஒன்பது யார் என்று கேட்டால்

பாய்,

இன்று எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. திருநின்றவூரில் மகனோடு இருக்கிறேன் என்று போனில் சொன்னேனே, அந்த வீடுதான். மருமகள் ஸ்கூட்டர் சாவி, மிக்ஸி, மகனின் லேப்டாப், ரிடையர் ஆன பிறகும் நான் தூக்கிப் போடாத பி.பி. கருவி என்று எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில், போன வாரம் எனக்கென்று வாங்கிய வாட்ச். மணி பார்க்க மட்டும் இல்லையாம். கையில் கட்டினால் நாடித் துடிப்பைப் பார்க்கும், தூக்கத்தைப் பார்க்கும், நான் எங்காவது விழுந்தால் அவர்கள் இருவர் போனுக்கும் செய்தி போகும். அதற்கு எங்கே பொட்டு வைப்பது என்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு விரல் சந்தனத்தை அப்பினாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஈரச் சந்தன வாசனை ஒன்றும் எனக்குப் புதிதில்லை. வருஷா வருஷம் வருகிறதுதான். ஆனால் உடம்பைப் பார்க்கிற ஒரு கருவியின் முகத்தை அது மூடி நின்றதை, அந்த ஒரு நாளுக்குப் பிறகு இன்றுதான் பார்த்தேன்.

"இன்னா அத்தை, தல சுத்துதா?" என்றாள் மருமகள்.

"ஒண்ணுமில்ல, நீ கற்பூரத்தக் காட்டு" என்றேன்.

நீங்கள் மௌத்தான செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது அடக்கமே முடிந்துவிட்டிருந்தது. உங்கள் வீட்டம்மா போன் செய்தார். "சிஸ்டர் கிட்ட சொல்லு, சிஸ்டர் கிட்ட சொல்லுன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரும்மா" என்றார். என்ன சொல்லச் சொன்னார் என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் பாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் உங்கள் பெயர் வராது, என் பெயர் வராது, நாம் வேலை பார்த்த மில்லின் பெயரும் வராது. அங்கே இருந்த அந்த ஒருவர் பெயர் வரவே வராது. நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்ட மாதிரியே அவரை ஒன்பது என்று எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எத்தனையோ கம்பி மில்கள். நம்முடையதும் அவற்றில் ஒன்று. இரும்புக் கட்டைகளை உலையில் பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவில் விட்டுக் கம்பியாக இழுக்கிற இடம். சித்திரை வெயிலில் வெளியே நிற்பதே பாவம், அதில் உலைக்கு முன்னால் நிற்கிறவர்கள் கதியைச் சொல்லவே வேண்டாம். முதலுதவி அறையில் ஒரு கட்டில், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், ஒரு நான். சோழவரத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். நீங்கள் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரைக்கும் பஸ், அங்கிருந்து மின்சார ரயில். கதவில் 'பாதுகாப்பு அதிகாரி' என்று பலகை மாட்டியிருந்தது. அதை யார் பார்த்தார்கள்? முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் நீங்கள் பாய்தான். நீங்கள் எனக்காகக் கொண்டு வருகிற இறால் கருவாட்டுப் பொட்டலம் வந்து சேர்வதற்கு முன்னாலேயே அதன் வாசனை என் அறைக்கு வந்துவிடும். "ரயில்ல பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டேங்கறான் சிஸ்டர், ஜாலியா காலை நீட்டிக்கினு வந்தேன்" என்பீர்கள்.

ஒரு கோடையில் உலைக்கு முன்னால் ஒருவர் மயங்கி விழுந்து கையைச் சுட்டுக்கொண்டார். யாரும் பார்க்காமல் கொஞ்ச நேரம் கிடந்திருக்கிறார். நீங்கள் அன்றைக்கு நாஷ்டாகூடத் தொடவில்லை. அதன் பிறகு ஒரு மாதம் மேனேஜர் அறைக்கும் உங்கள் அறைக்கும் நடையாய் நடந்து, கடைசியில் அந்தப் பொட்டிகளைக் கொண்டுவந்தீர்கள்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். உடம்புச் சூட்டைப் பார்க்கும், அசைவைப் பார்க்கும். ஒயர் கிடையாது. ஒரு பொட்டி பக்கத்துப் பொட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததுக்குச் சொல்லும், அப்படிக் கைமாறிக் கைமாறி என் அறைக் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். சூடு எல்லை மீறினாலோ, ஆள் அசையாமல் கிடந்தாலோ அவர் எண் திரையில் சிவப்பாகி விட்டு விட்டு எரியும். செல்போனில் கேமரா இருப்பதே பெரிய அதிசயமாக இருந்த காலம். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் விளக்கிக்கொண்டே போக, நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். நீங்கள் மட்டும்தான் கேள்வி கேட்டீர்கள்.

"இந்த சேதிய வேற யாராச்சும் எடுத்துப் பாக்க முடியுமா தம்பி?"

"பூட்டு போட்டுத்தான் சார் அனுப்புது. சாவி இல்லாம படிக்க முடியாது."

"சாவி எத்தினி?"

"ஒண்ணுதான் சார். நடுவுல கைமாத்தற பொட்டிக்கும் புரியணும் இல்லையா? இந்தக் குட்டி மூளைக்குள்ள தனித்தனி சாவி வெச்சு சமாளிக்க எங்களால முடியல. எல்லாத்துக்கும் ஒரே சாவி."

"அப்போ ஒருத்தன் கைல அது கெடச்சா எல்லா ஊடும் தொறந்துக்கும்."

அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினீர்கள். பொட்டியில் எண்தான் இருக்க வேண்டும், பெயர் எங்கேயும் இருக்கக் கூடாது என்றீர்கள். கம்ப்யூட்டரிலும் கூடாது, காகிதத்திலும் கூடாது. எந்த எண் யாருடையது என்பது நம் இரண்டு பேர் தலைக்குள் மட்டும்.

"போங்க பாய்! எனக்கு என் கல்யாண நாளே ஞாபகம் இருக்காது" என்றேன்.

"அது மறக்க வேண்டியதுதான் சிஸ்டர். இத மறக்காதீங்க."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. ஆனாலும் மனப்பாடம் செய்தேன். நர்சிங் படிப்பில்கூட அப்படி உருப்போட்டதில்லை. டீக்குடிக்கும்போது திடீரென்று "பன்னெண்டு?" என்பீர்கள். நான் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தால் கையை உயர்த்தி நிறுத்துவீர்கள். பெயரைச் சொல்லக் கூடாது, அந்த ஆள் மாதிரி நடித்துக் காட்ட வேண்டும். பன்னிரண்டுக்கு மீசையை முறுக்க வேண்டும், பதினாலுக்கு மூக்கை உறிஞ்ச வேண்டும். யாராவது அந்த நேரம் உள்ளே வந்திருந்தால் நர்ஸுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பொட்டியால் ஆள் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதையும் ஓரளவுக்குக் காட்ட முடியுமாம். அதை வேண்டாம் என்று சொன்னதும் நீங்கள்தான். "யாருன்னு நமக்குத் தெரியும், அவன் வேல எங்கன்னும் தெரியும். அதுக்கு மேல எதுக்கு? எடத்தக் காட்டுச்சுன்னா டைம் ஆபீஸ்காரன் வுடுவானா?" என்றீர்கள். "பாக்கறவன் வேற, பாத்துக்கறவன் வேற சிஸ்டர். இது பாத்துக்கறவங்களுக்கு மட்டும்தான்."

இத்தனை கட்டுக்காவலும் எல்லோருக்காகவும்தான். ஆனால் யாரை நினைத்துச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது என் அறைக்கு முதலில் வந்தது பொட்டிகள் வருவதற்கு முன்னால். நாக்கைக் கடித்திருந்தார், சட்டையில் ரத்தம். விழுந்துவிட்டேன் என்றார். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வலிப்பு. எத்தனை வருஷமாக என்று கேட்டதும் கட்டிலை விட்டு இறங்கி என் காலைப் பிடிக்க வந்தார். "சிஸ்டர், வெளிய தெரிஞ்சா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க. நான் காண்ட்ராக்ட் ஆளு, எனக்காகக் கேக்க நாதி இல்ல. மூணு பொண்ணுங்க சிஸ்டர்" என்றார். உங்களிடம் மட்டும் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். நீங்கள் மறுநாளே ஏதோ காரணம் காட்டி அவரை உலைக்கு முன்னாலிருந்து கம்பிக் கட்டு யார்டுக்கு மாற்றிவிட்டீர்கள். நெருப்பு இல்லை, உருளை இல்லை. கட்டிய கம்பிகளுக்கு அடையாளத் தகடு கட்டுகிற வேலை. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் யார்டு ஆள் நடமாட்டம் குறைந்த இடம். விழுந்தால் யாருக்கும் தெரியாது. அந்தக் குறையைத்தான் பொட்டி தீர்த்தது.

தீர்க்கவும் செய்தது பாய். ஒரு மத்தியானம் திரையில் ஒன்பது சிவப்பாக எரிந்தது. நான் உங்கள் கதவைத் தட்டிவிட்டு ஓடினேன், நீங்கள் செருப்பில்லாமல் என் பின்னால் ஓடி வந்தீர்கள். கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் கிடந்தார். ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைத் துடைத்தோம். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து "இன்னா பாய், ரெண்டு பேரும் இங்க?" என்றார். யாரும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது நீங்கள் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தீர்கள். நம் இரண்டு பேருக்கும் அந்த மில்லில் அதைவிட நல்ல நாள் ஒன்று அமையவில்லை.

ஆனால் வேறொருவரும் அதைப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து கேண்டீனில் டைம் ஆபீஸ்காரர் உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார். வேலைக்கு வந்தவர், போனவர் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. "பாய், அன்னிக்கு ஒம்போதாம் நம்பரு டான்ஸ் ஆடிட்டுப் படுத்துடுச்சே, யாரு அது?" என்றார். அது எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். "எங்க ரூம்லயும் ஒரு ரிசீவர் வெச்சுட்டாங்களே. ஒரே சாவிதானாமே, அஞ்சு நிமிஷ வேல" என்றார். மேனேஜ்மெண்ட் சொன்னதாம், இன்ஜினியர் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். உங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மெஷின் மேல உக்காந்திருப்பான், அதிர்ந்திருக்கும்" என்று சமாளித்தீர்கள். அவர் நம்பவில்லை.

அன்றிலிருந்து பிடித்தது பேஜாரு. திரையில் ஒரு எண்ணின் அசைவு குறைந்தால் டைம் ஆபீஸ்காரர் எழுந்து வந்து கேண்டீனிலும் கழிப்பறைப் பக்கமும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். இப்படியே ஒவ்வொரு எண்ணாக இது இன்னார், இது இன்னார் என்று கண்டுபிடிக்க ஆரம்பித்தார். பெயரைப் பூட்டி வைத்தோம், ஆனால் நடமாட்டத்தைப் பார்த்தே பெயரைப் பிடித்துவிடலாம் என்று நமக்குத் தோன்றவே இல்லை. பீடி பிடிக்கப் போனவருக்கெல்லாம் மெமோ. நீங்கள் மேனேஜரிடம் போய்க் கத்தினீர்கள். "மில்லோட கருவி, மில்லு பாக்குது, இதுல இன்னா தப்பு?" என்று கேட்டாராம். திரும்பி வந்து என் அறைக் கட்டிலில் உட்கார்ந்தீர்கள். பொட்டியை மூட்டை கட்டிவிடலாமே என்றேன். "அப்போ ஒன்பது?" என்றீர்கள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

உருளை, உலை, கிரேன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். பொட்டிகளையும் கொண்டுவந்து சாமி முன்னால் குவித்தார்கள். அதுவும் ஆயுதம்தானே. ஒவ்வொன்றுக்கும் சந்தனம். எங்கே வைத்தார்கள்? எண் ஒட்டியிருந்த இடத்தில். அதுதான் முகம் மாதிரி இருந்தது. நீங்கள் பொரித் தட்டைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். பூசணிக்காய் உடைந்ததும் ஷிப்டு ஆட்கள் குவியலில் கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எண் யாருக்குத் தெரியும்? சந்தனம் மூடியிருந்தது.

அன்று சாயங்காலம் டைம் ஆபீஸ்காரர் மேனேஜரையே கூட்டிக்கொண்டு உலைப் பக்கம் போனார். பதினாலாம் நம்பர் மத்தியானத்திலிருந்து வேலையே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறான், பாருங்கள் என்று. பதினாலோ உலைக்கு முன்னால் வேர்த்து ஊற்றிக்கொண்டு கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். மேனேஜர் திரும்பி நடந்தார். மில் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், நீங்களும் சிரித்தீர்கள். "இந்த வருஷம் உங்க சாமி நல்லா வேல செஞ்சுது சிஸ்டர்" என்றீர்கள்.

அந்தச் சிரிப்புதான் நமக்கு வினையாக வந்தது. மாற்றிக்கொண்டால் அந்த ஆளுக்குக் கண் தெரியாது என்று எல்லோரும் கண்டுகொண்டார்கள். மறுநாள் நான் எண் பார்த்துச் சரியாகத்தான் கொடுத்தேன். என் அறையைத் தாண்டியதும் மாற்றிக்கொண்டார்கள். தினமும் மாற்றினார்கள். அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

நீங்கள் கேண்டீனில் எழுந்து நின்று பேசியது இப்போதும் என் காதில் கேட்கிறது. டீ டம்ளர் கையில் இருந்தது. "தோ பாருங்கப்பா, அவன் மேல உங்களுக்குக் கோவம் இருக்கு, எனக்கும் இருக்கு. ஆனா பொட்டியை மாத்தாதீங்க. இது உயிர் விஷயம்" என்றீர்கள்.

"யார் உயிரு பாய்?" என்றார் ஒருவர். குதர்க்கமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஒன்பது மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் போதும், அத்தனை பேரும் அன்றைக்கே மாற்றுவதை நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் டைம் ஆபீசுக்குப் போயிருக்கும். "எல்லார் உயிரும்தான்" என்று மட்டும் சொன்னீர்கள். யாரோ கை தட்டினார்கள். ஷிப்டு மணி அடித்தது, எழுந்து போய்விட்டார்கள். நீங்கள் ஆறிப்போன டீயைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றீர்கள்.

ஒன்பதைத் தனியாகக் கூப்பிட்டோம். ஒன்பதாம் எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு உனக்குப் புது எண் தருகிறோம், அதை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள் என்றோம். அவர் திருப்பிக் கேட்டார்.

"எல்லாரும் மாத்தறப்போ நான் ஒருத்தன் மட்டும் மாத்தாம கட்டிக்கினு இருந்தா, அதுவே காட்டிக் குடுத்துடாதா பாய்?"

அவர் சொன்னது சரி. அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது, சொல்லுங்கள். மாற்றினால் நமக்குத் தெரியாது, மாற்றாவிட்டால் டைம் ஆபீஸ்காரருக்குத் தெரிந்துவிடும். அன்றிலிருந்து நீங்கள் காரணமே இல்லாமல் யார்டுப் பக்கம் போய்ப் போய் வந்தீர்கள். நானும் தலைவலி மாத்திரை கொடுக்கிற சாக்கில் போவேன். ஆனால் எத்தனை தடவை போக முடியும்? நமக்கும் வேலை இருந்தது.

பிறகு ஒரு நாள் திரையில் நாலு எரிந்தது.

நாலு உலை ஆள். மாற்றிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தும் கால் பழகிய பக்கமே போனது. நான் உங்களுக்குப் போன் போட்டுவிட்டு, ஐஸ் பையை எடுத்துக்கொண்டு உலைக்கு ஓடினேன். நீங்களும் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தீர்கள். நாலு நின்றுகொண்டிருந்தார். நம்மைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சிஸ்டர், எனக்கா ஓடியாறீங்க? நான் நல்லாத்தானே கீறேன்?"

"உன் பொட்டி எங்கடா?" என்று நீங்கள் கத்தியதை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

"கேசவன் ஒண்ணு குடுத்தான், நான் என்னுத நம்ம..." என்று இழுத்து யோசித்தார். நான்கைந்து கை மாறியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் யார்டை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டீர்கள்.

யார்டு ஓரத்தில், கம்பியைக் குளிரவைத்த தண்ணீர் ஓடுகிற கால்வாயில் முகம் குப்புறக் கிடந்தார் ஒன்பது. தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை பாய். கணுக்கால் அளவுகூட இல்லை. நீங்கள் தூக்கினீர்கள், நான் அமுக்கினேன், ஊதினேன். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அமுக்கிக்கொண்டே இருந்தேன். என்னை நிறுத்தச் சொல்லி நீங்கள்தான் என் கையைப் பிடித்தீர்கள். அவர் பெல்ட்டில் இருந்தது நாலாம் எண் பொட்டி.

டைம் ஆபீஸ்காரரும் ஓடி வந்தார். அதை நான் மறைக்கக் கூடாது. அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "பேரும் எடமும் என் கைல இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல வந்திருப்பனே பாய்" என்றார். உன்னால்தானே மாற்றினார்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். இடத்தைக் காட்ட வேண்டாம் என்று சொன்னது நீங்கள் அல்லவா. அதைத்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று உங்கள் முகத்திலேயே தெரிந்தது. அதற்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் ஒன்றும் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

விசாரணையில் வக்கீல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஏன் விழுந்தார், பழைய வியாதி ஏதாவது உண்டா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். உண்டு என்றால் மில் கையைக் கழுவிவிடும், மூன்று பெண்களுக்கும் ஒன்றும் கிடைக்காது. இல்லை என்றால் கருவி பொய்த்துப்போனதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். "எனக்கு ஒண்ணும் தெரியாது. என் பொறுப்புல இருந்த கருவி ஆளை மாத்திக் காட்டுச்சு. அவ்ளோதான்" என்றீர்கள். என்னைக் கேட்டார்கள். இல்லை, என்னிடம் மருந்து வாங்கியதே இல்லை என்றேன். வெளியே வந்ததும், எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே ஏன் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள், இரண்டு பேருமாகச் சேர்ந்து எதையாவது சொல்லலாம் என்று அழுதேன். "உங்களுக்கு வேல முக்கியம் சிஸ்டர். எனக்கு ஊர்ல அண்ணன் தம்பிங்க கடை இருக்கு" என்றீர்கள். அந்த மாதக் கடைசியில் உங்களை அனுப்பிவிட்டு, கதவில் இருந்த பலகையைக் கழற்றினார்கள். பொட்டிகளை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு எங்கேயோ கொண்டுபோனார்கள். சிலவற்றில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

அதன் பிறகு ஒரே ஒரு தடவை பழவேற்காடு வந்தேன். உங்கள் அண்ணன் தம்பிகளோடு கயிறும் வலையும் விற்கிற கடையில் உட்கார்ந்திருந்தீர்கள். உடம்பு பாதியாகியிருந்தது. "இங்க எவனும் நம்பர் மாட்டிக்கினு வர மாட்டான் சிஸ்டர், பேரச் சொல்லித்தான் கூப்புடறேன்" என்று சிரித்தீர்கள். டீ வந்தது. வீட்டம்மா உள்ளே போகும் வரைக்கும் காத்திருந்து, "ஒன்பதோட பொண்ணுங்க?" என்றீர்கள். பெரியவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, நடுவில் இருப்பவள் டீச்சர் ட்ரெயினிங் படிக்கிறாள் என்றேன். தலையாட்டினீர்கள். "அந்த வியாதி பரம்பரையா வருமோன்னு மாப்ள ஊட்டுக்காரன் யோசிப்பான். சொல்லிடாதீங்க" என்றீர்கள். நான் ஏன் பாய் சொல்லப் போகிறேன். ஆனாலும் நீங்கள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கடைசியில் வீட்டம்மாவிடம் சொல்லச் சொல்லிவிட்டு, என்னவென்று அவரிடமும் சொல்லாமல் விட்டதும் அதுவாகத்தான் இருக்கும்.

பூஜை முடிந்து பொரி தின்றுகொண்டிருந்தபோது மருமகள் வாட்சைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். சந்தனத்தை முந்தானையால் துடைத்துவிட்டுத் திரையைத் தட்டினாள். உங்கள் உடல்நலத் தகவல்களைப் பகிர அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது. கீழே ஆமாம், இல்லை. நல்ல பெண் பாய் அவள். போன மாதம் நான் பாத்ரூமில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன், வீட்டில் யாரும் இல்லை. அந்தப் பயத்தில் வாங்கியது.

"ஆமாம் போடுங்க அத்தை."

"அப்புறம் போட்டுக்கறேன்மா."

"யாருக்குப் போகப் போவுது? எனக்கும் உங்க புள்ளைக்கும்தானே? ஏன் வேணாங்கறீங்க, காரணத்தச் சொல்லுங்க."

ஆமாம் போட்டால் அது யார் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. இல்லை போட்டுவிட்டு நாளைக்கு நான் விழுந்தால், ஓடி வர ஒருவருக்கும் தெரியாது. இரண்டையும் கண்ணால் பார்த்தவள் நான். எப்படிப் பார்த்தேன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமானால் ஒன்பதைச் சொல்ல வேண்டும். யார் அது, எந்த ஊர் என்று அவள் கேட்பாள். ஒன்பதின் கடைசிப் பெண்ணுக்கு இப்போதுதான் வரன் பார்க்கிறார்களாம்.

"சும்மாதான்மா" என்றேன். கையில் டீ இருந்தது. அது ஆறிப்போயிருந்தது.

எல்லா எண்களும் இன்னும் என் தலைக்குள் அப்படியே இருக்கின்றன பாய். பன்னிரண்டுக்கு மீசை, பதினாலுக்கு மூக்கு. நீங்கள் இருந்தவரை அவை இரண்டு இடத்தில் இருந்தன, இப்போது ஒரே இடம். நான் போகும்போது அவையும் என்னோடு போய்விடும். பயப்படாதீர்கள், யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தெருவில், டிவியில், ஏதாவது ஒரு கருவியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் இன்றைக்கும் என் கால் தானாக எழுந்துவிடுகிறது. எந்தப் பக்கம் ஓடுவது என்றுதான் தெரியவில்லை.